நான்கு கியர் கப்சாய்: பிரித்த கியரைத் திரும்பக் கோப்பது

ஓவர்ஹால் செய்து மூடிய கப்சாய் (ஹோண்டா கப் வகைச் சிறு மோட்டார்சைக்கிள்) எஞ்சினில் இரண்டாவது கியர் துள்ளி வெளியே வந்தால், முதல் பழி கியர் பல் மேல்தான் விழும். திரும்பப் பிரித்துப் பார்த்தால் பல் நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் காரணம் திருப்பிப் போட்ட ஒரு கிளிப், அதாவது ஷாஃப்ட்டின் பள்ளத்தில் அமர்ந்து கியரை நகராமல் நிறுத்தும் வாய் திறந்த வளையம். அதுவும் இல்லையென்றால், பிரிக்கும்போது எண்ணெய்ப் பசையில் கேஸ் (எஞ்சின் கூடு) சுவரோடு ஒட்டிப் போய், மண்ணெண்ணெய்த் தட்டில் விழுந்து, சேற்றோடு சேர்ந்து வெளியே கொட்டப்பட்ட ஒரு வாஷர். கியர் கோக்கும் வேலையில் கியரை விட வாஷருக்கும் கிளிப்புக்கும்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை போன்ற தோட்டப்புற டவுனில் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) ஓடும் கப்சாய்கள் படும் பாடு வேறு. காலையில் பின்சீட்டில் 50 கிலோ உர மூட்டை, செம்பனைக் காட்டுக்குள் செம்மண் பாதை, வழுக்கலில் முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே அரை நாள். ஆக்சிலேட்டரை விடாமல் குதிகாலால் மிதித்துக் கியர் மாற்றுவது இங்கே பலருக்குப் பழக்கம். அதனால் தேய்வது பல்லின் நுனி அல்ல. கியரின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் டாக்தான். மதிய மழையில் வாய்க்கால் நிரம்பிய பாதையைக் கடந்த வண்டியின் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சினில் கியரைப் பார்ப்பதற்கு முன் பேரிங்கைப் பாருங்கள்.

இங்கே சொல்வது இஎக்ஸ்5, வேவ் போன்ற நான்கு கியர் கப்சாய்களின் அமைப்பு: இடமும் வலமுமாகப் பிரியும் கேஸ், இரண்டு ஷாஃப்ட் (கிளட்ச் சுற்றும் மெயின் ஷாஃப்ட், ஸ்ப்ராகெட்டைச் சுற்றும் கவுன்டர் ஷாஃப்ட்), கியரைத் தள்ளும் இரண்டு ஃபோர்க், ஃபோர்க்கை நகர்த்தும் ஒரு டிரம். ஐந்து, ஆறு கியர் வண்டிகளுக்கும் விதி இதுதான், துண்டுகள் மட்டும் கூடும்.

பிரிக்கும்போதே பாதி வேலை

செம்பனை ஈர்க்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேலி ஓரத்தில் கிடைக்கும், காசு இல்லை. மெயின் ஷாஃப்ட்டிலிருந்து கழற்றும் கியர், வாஷர், கிளிப் எல்லாவற்றையும் கழன்ற வரிசையிலும் கழன்ற முகத்திலும் ஓர் ஈர்க்கில் கோத்துவிடுங்கள். கவுன்டர் ஷாஃப்ட்டுக்கு இன்னொன்று. நுனியில் ஒரு முடிச்சோ ரப்பர் பேண்டோ போட்டால் நழுவாது. கம்பியும் உதவும், ஆனால் கோத்தபடியே மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவும்போது ஈர்க்கு எதையும் கீறாது. கைபேசியில் படம் எடுப்பது கூடுதல் பாதுகாப்பு. படத்தில் கியரின் முன்முகம் தெரியும், பின்னால் ஒளிந்திருக்கும் மெல்லிய வாஷர் தெரியாது.

கேஸைப் பிரித்த உடனே இரண்டு பாதியிலும் பேரிங் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஷாஃப்ட் நுனியில் இருந்த வாஷர் அங்கே ஒட்டியிருக்கும். கழுவிய தட்டின் அடிச்சேற்றில் காந்தத்தை ஒருமுறை ஓட்டிய பிறகுதான் அதைக் கொட்ட வேண்டும்.

புதிதாக வாங்க வேண்டியவை அதிகமில்லை. கேஸ்கெட் செட், ஸ்ப்ராகெட் பக்கத்து ஆயில் சீல், கியர் ஷாஃப்ட் சீல், கிக் சீல், கழற்றிய அத்தனை கிளிப்புக்கும் புதுக் கிளிப். கிளிப்பின் விலை மிகக் குறைவு. பழைய கிளிப்பைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசுக்கு அடுத்த முறை கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து அழ வேண்டியிருக்கும். கருவியில் வெளிக்கிளிப் பிளையர், ரப்பர் சுத்தியல், வெர்னியர், டார்க் ரெஞ்ச் இருந்தால் போதும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

டாக்கை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல டாக்கின் மூலை மெல்லிய ஒரே கோடாக மின்னும். தேய்ந்ததில் அந்தக் கோடு அகன்று, நகத்தின் விளிம்பு போல உருண்டு பளபளக்கும். உருண்ட மூலை பாரம் ஏறியதும் ஒன்றையொன்று தள்ளிவிடும். கியர் துள்ளுவது இதனாலும்தான். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்: டாக் உள்ள கியரும், அந்த டாக் போய் அமரும் குழியோ எதிர் டாக்கோ உள்ள கியரும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பழையது புதியதைச் சீக்கிரமே தன் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். உருண்ட மூலையை கிரைண்டரில் கூராக்கித் தருபவர்கள் உண்டு. கியரின் கெட்டித்தன்மை மேல்தோலில் மட்டும்தான். தோல் போனால் உள்ளே மென்மையான இரும்பு. அதை நம்ப வேண்டாம்.

பல்லில் சிறு குழிகள் கொத்துக்கொத்தாக இருந்தால் அந்த ஜோடி முனகும், பிறகு உதிரும். ஒன்றிரண்டு ஊசிமுனைப் புள்ளிகளுக்காகப் பயப்படத் தேவையில்லை.

ஃபோர்க்கை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். இரண்டு கால்களும் சமமாகப் படிய வேண்டும்; ஆடினால் வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றுங்கள். கால் முனை நீலம் பாய்ந்திருந்தால் அது எப்போதும் கியரின் பள்ளத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது என்று பொருள்: ஓட்டுபவர் கியர் மிதியில் கால் வைத்தபடியே ஓட்டுகிறார், அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது. காலின் தடிமனை இரண்டு இடத்தில் வெர்னியரால் அளந்து மேனுவல் வரம்போடு பாருங்கள். டிரம்மின் பள்ளத்தில் ஃபோர்க் ஊசி ஓடும் தடத்தில் படிக்கட்டு போல வெட்டு விழுந்திருந்தால் கியர் பாதியில் நிற்கும். ஊசியின் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் ஊசியை மட்டும் மாற்றினால் போதும்.

பேரிங்கை எண்ணெய் இல்லாமல் கழுவி, காய்ந்த பிறகு விரலால் சுற்றுங்கள். மணல் அரைப்பது போலக் கரகரத்தால் மாற்றுங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றிச் சத்தம் கேட்கும் பழக்கம் பேரிங்குக்கும் கண்ணுக்கும் கேடு. புது பேரிங்கை பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். கேஸை அடுப்புத் தட்டில் சூடாக்குங்கள். தண்ணீர்த் துளி விட்டால் சுருக்கென்று ஆவியாகும் சூடு, அதாவது சுமார் 100 டிகிரி போதும். பேரிங் தானாக இறங்கும். தட்ட வேண்டியிருந்தால் வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள்.

கியர் ஜோடியின் கணக்கு

கோப்பதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் படம் இல்லாமலே தவறைக் கண்டுபிடிக்கலாம். நான்கு ஜோடியும் எப்போதும் பல்லோடு பல் பொருந்தியே இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கியர் தன் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். மற்றது தன் ஷாஃப்ட் மேல் சும்மா சுற்றும். சேர்ந்து சுற்றுபவற்றில் சில ஷாஃப்ட்டோடு ஒரே துண்டு, சில ஸ்பிளைனில் (ஷாஃப்ட்டின் நீளவாட்டில் ஓடும் மேடு பள்ள வரிகள்) பக்கவாட்டில் நகரும். நகரும் கியரில் ஃபோர்க் உட்காரும் பள்ளம் இருக்கும். அது பக்கத்துச் சும்மா கியரில் டாக்கைச் சொருகும்போதுதான் அந்தக் கியர் இழுக்கத் தொடங்குகிறது.

ஆகவே கோத்து முடித்த இரண்டு ஷாஃப்ட்டையும் கையில் பக்கம் பக்கமாக வைத்து, ஜோடி ஜோடியாகச் சோதியுங்கள். ஒரு ஜோடியில் இரண்டுமே ஷாஃப்ட்டோடு ஒட்டியிருந்தால் அது நியூட்ரலிலும் விடாத கியர். இன்னொரு கியர் போட்ட நொடியில் எஞ்சின் பூட்டிக்கொள்ளும். இரண்டுமே சும்மா சுற்றினால் அந்தக் கியரே கிடையாது. துணையில்லாமல் தனியாக ஒரு கியர் நின்றால் வரிசை மாறியிருக்கிறது. முதல் கியரை அடையாளம் காண்பது எளிது: மெயின் ஷாஃப்ட்டின் மிகச் சிறிய கியரும் கவுன்டர் ஷாஃப்ட்டின் மிகப் பெரியதும். 12 பல் 34 பல்லைச் சுற்றினால் 34÷12, அதாவது 2.83. பல்லை எண்ணி வகுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கோப்பது

ஷாஃப்ட், கியரின் உள்துளை, ஃபோர்க் பள்ளம் எல்லாவற்றிலும் எண்ணெய் தடவுங்கள். மாலிப்டினம் கிரீஸையும் எஞ்சின் எண்ணெயையும் சரிபாதி கலந்து தடவினால் இன்னும் நல்லது. முதல் சில நொடிகள் எண்ணெய் ஏறும்வரை அதுதான் காப்பு. உள்ளே புஷ் (தனி உள்வளையம்) உள்ள கியர் என்றால் புஷ்ஷின் எண்ணெய்த் துளை ஷாஃப்ட்டின் துளைக்கு நேராக வர வேண்டும். ஒரு ஸ்பிளைன் தள்ளிப் போட்டால் துளை அடைபடும். கோத்த கையோடு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் சுற்றும். கியர் காய்ந்து பிடித்துக்கொள்ளும்போதுதான் தெரியும்.

இனி கிளிப். அச்சில் வெட்டி எடுத்த எந்தக் கிளிப்புக்கும் வாஷருக்கும் இரண்டு முகம் ஒன்றல்ல. ஒரு முகத்தின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும், மறுமுகத்தின் விளிம்பு கூராக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல் நகத்தை விளிம்பின் மேல் வெளிநோக்கி இழுங்கள். கூரான பக்கம் நகத்தைப் பிடிக்கும், மழுங்கிய பக்கம் விட்டுவிடும். மழுங்கிய முகம் தள்ளும் கியரைப் பார்க்க வேண்டும். கூரான முகம் கியருக்கு எதிர்ப்புறம், பள்ளத்தின் சுவரில் நேராக முட்டி நிற்க வேண்டும். திருப்பிப் போட்டால் உருண்ட விளிம்பு பள்ளச் சுவரில் சறுக்கி ஏறும், பாரத்தில் கிளிப் ஒருநாள் பள்ளத்தை விட்டுக் குதிக்கும். கிளிப் குதித்தால் கியர் நகரும், கியர் நகர்ந்தால் ஃபோர்க் வளையும். வாஷருக்கும் இதே விதி: மழுங்கிய முகம் கியர் பக்கம்.

கிளிப்பின் வாய் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். பள்ளம் ஸ்பிளைனின் மேடுகளில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. வாய் ஒரு ஸ்பிளைன் பள்ளத்துக்கு நேராக வந்தால் கிளிப்பின் இரு முனையும் இரு மேட்டில் அமரும். வாய் மேட்டுக்கு நேராக வந்தால் முனைகள் பிடிமானமின்றித் தொங்கும். போடும்போது ஷாஃப்ட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் விரியுங்கள். அதிகம் விரிந்த கிளிப் பள்ளத்தில் தளர்ந்து கிடக்கும். விரலால் தள்ளினால் பக்கவாட்டில் ஆடும். ஆடினால் எறிந்துவிட்டு வேறு எடுங்கள். சரியாக அமர்ந்த கிளிப் பள்ளத்துக்குள் வட்டமாகச் சுற்றும், ஆனால் மேலே எழும்பாது.

ஒவ்வொரு கிளிப்புக்குப் பிறகும் அடுத்த கியரைச் சுற்றிப் பாருங்கள். சும்மா சுற்றும் கியர் பக்கவாட்டில் ஒரு காகிதத் தடிமன் அளவுக்காவது ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் எங்கோ ஒரு வாஷர் கூடுதல், தளதளவென்று ஆடினால் ஒரு வாஷர் குறைவு. நகரும் கியரைத் திருப்பிப் போடுவதும் நடக்கும். டாக் எந்தச் சும்மா கியரைப் பார்க்க வேண்டும் என்று கணக்கோடு ஒப்பிட்டால் அது உடனே பிடிபடும்.

கேஸுக்குள் இறக்குவது

பிரித்தபோது கியர் எந்தப் பாதியில் நின்றதோ அந்தப் பாதியை இரண்டு மரச்சட்டத்தின் மேல் சமமாக வையுங்கள். ஷாஃப்ட்டை ஒன்றன்பின் ஒன்றாக இறக்க முயல வேண்டாம். பல்லும் ஃபோர்க்கும் ஒன்றுக்கொன்று வழிவிடாது. இரண்டு ஷாஃப்ட்டையும் பல்லோடு பல் பொருத்தி, ஃபோர்க்கைக் கியர் பள்ளத்தில் உட்கார வைத்து, டிரம்மையும் சேர்த்து ஒரே கொத்தாகப் பிடியுங்கள். ஒரு ரப்பர் பேண்ட் மூன்றாவது கையாக உதவும், எடுக்க மறந்துவிடாதீர்கள். ஹோண்டாவின் பழைய கப் வம்சத்து எஞ்சின்களில் ஃபோர்க் இரண்டும் டிரம்மின் மேலேயே ஏறியிருக்கும், ஊசியும் ஊசிக் கிளிப்பும் உண்டு. வேறு பல வண்டிகளில் ஃபோர்க்குக்குத் தனிக் கம்பி. ஃபோர்க்கில் எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பிரிக்கும்போதே குறித்திருக்க வேண்டும்.

கொத்து பேரிங்குகளில் முழுதாக அமர்ந்ததும் ஷாஃப்ட் நுனி வாஷர்களைப் போட்டு, ஈர்க்கு காலியாகிவிட்டதா என்று பாருங்கள். ஈர்க்கில் ஒன்று மிச்சமிருந்தால் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

மூடுவதற்கு முன் சோதனை. மெயின் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே டிரம்மைத் திருப்புங்கள். சுற்றாமல் திருப்பினால் டாக்கும் டாக்கும் முட்டி நிற்கும், அதைக் கோளாறு என்று எண்ணி வலுவாகத் திருகக் கூடாது. நியூட்ரலில் ஒரு ஷாஃப்ட்டைப் பிடித்தாலும் மற்றது சுற்ற வேண்டும். பிறகு இரண்டு ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்கள்: கவுன்டர் ஷாஃப்ட் ஒரு சுற்று வர முதல் கியரில் மெயின் ஷாஃப்ட் ஏறக்குறைய மூன்று சுற்று, இரண்டாவதில் ஒன்றே முக்கால் போல, மூன்றாவதில் ஒன்றே கால், நான்காவதில் ஒன்றை ஒட்டி. எழுதி வைத்த வகுத்தல் கணக்கோடு நான்கும் ஒத்துப்போனால் வரிசையில் தவறில்லை. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கேஸை மூடுவது பார்க்காமல் பாம்புப் புற்றில் கை விடுவதுதான்.

மூடுவது

இரண்டு முகத்திலும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தைக் கீறாதீர்கள். இரு பாதியையும் நேராகப் பொருத்தும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கட்டும். புதுக் கேஸ்கெட், எண்ணெய் வழித் துளைகளை மூடாமல் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். கிக் ஸ்பிண்டிலையும் ஸ்பிரிங்கையும் பழைய இடத்தில் மாட்டிவிட்டு மேல் பாதியை இறக்குங்கள். ரப்பர் சுத்தியலால் இலேசாகத் தட்டினால் முழுதும் உட்கார வேண்டும். கடைசி இரண்டு மில்லிமீட்டர் உட்காராமல் நின்றால் போல்ட்டைப் போட்டு இழுத்து மூடுவது பலர் செய்யும் தவறு. அப்படி இழுத்தால் குறுக்கே நிற்கும் வாஷர் பேரிங்கை நசுக்கும், கேஸ் விரியும். திரும்பத் தூக்கிப் பாருங்கள்.

போல்ட்டுகளின் நீளம் வெவ்வேறு. அட்டையில் துளை போட்டுச் சொருகி வைத்திருந்தால் குழப்பமில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கி, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஷாஃப்ட்டுகளையும் கிராங்க்கையும் சுற்றிப் பாருங்கள். இறுக்க இறுக்கச் சுற்றுவது கனத்தால் நிறுத்தித் திரும்பப் பிரியுங்கள்; ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்பது உங்கள் காசில் சொல்லும் ஆறுதல். சிலிண்டர் உட்காரும் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கேஸ்கெட்டைப் பிளேடால் சமமாக வெட்டுங்கள். விட்டால் சிலிண்டர் அடியில் எண்ணெய் கசியும்.

பிறகு வெளிப்பக்கம்: டிரம் நுனியில் அமரும் நட்சத்திரத் தகடு, அதைக் கியருக்குக் கியர் பிடித்து நிறுத்தும் நிறுத்துக் கை, கியர் மிதி மாட்டும் கியர் ஸ்பிண்டில். தகட்டைப் பிடிக்கும் போல்ட்டுக்கு தளராமல் பிடிக்கும் நடுத்தர மரைப் பசை ஒரு சொட்டு. ஸ்பிண்டிலின் திரும்பு ஸ்பிரிங்கின் இரு காலும் கேஸில் நிற்கும் ஊசியை இருபுறமும் அணைக்க வேண்டும். அந்த ஊசி தளர்ந்திருந்தால் கியர் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்காது. இது தெரியாமல் பலர் எஞ்சினையே திரும்பப் பிரித்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஜேஏஎஸ்ஓ எம்ஏ (மோட்டார்சைக்கிள் எண்ணெய்த் தரம்) என்று டப்பாவில் எழுதிய எண்ணெய்தான். எம்பி வகை வழுக்கலானது; எண்ணெயில் ஊறும் கிளட்ச் அதில் நழுவும். கார் எண்ணெய் மலிவு என்று ஊற்றினாலும் அதே கதை. முழுதும் பிரித்துக் காய்ந்த எஞ்சினுக்கு வழக்கமாக மாற்றும் அளவை விடச் சற்று அதிகம் தேவை: 100 சிசி கப்சாயில் மாற்றும்போது 0.7, 0.8 லிட்டர் என்றால் இப்போது 0.9 அளவில். கடைசித் தீர்ப்பு அளவுக் கம்பியிடம். ஹோண்டாவில் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் பாரம் ஏற்ற வேண்டாம், உர மூட்டை அடுத்த வாரம் போகட்டும். கியர் துள்ளினால் கிளிப், டாக், ஃபோர்க் மூன்றையும் சந்தேகப்படுங்கள். இரண்டு கியருக்கு நடுவில் காலியாக விழுந்தால் நிறுத்துக் கையின் ஸ்பிரிங் அல்லது டிரம் பள்ளம். ஒரு கியரில் மட்டும் முனகினால் அந்த ஜோடியின் பல். எல்லாக் கியரிலும் முனகினால் பேரிங். நின்ற வண்டியில் நியூட்ரல் கிடைக்க மறுத்தால் கியரைத் திட்டுவதற்கு முன் கிளட்சைச் சரிசெய்யுங்கள். செயினையும் பாருங்கள்: மேனுவல் சொல்லும் தொய்வுக்கு மேல் தொங்கும் செயின் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டர் திருகும்போதும் டாக்கைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும்.

முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணி வழியே வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி பரவாயில்லை. நகவெட்டுத் துண்டு போல மின்னும் இரும்புச் சில்லு கிடைத்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். வளைந்து தட்டையாக இருந்தால் அது வாஷர், மூலையோடு கட்டியாக இருந்தால் டாக்.